மதகடியில் வைத்த கழிப்பு

விடிய இன்னும் நேரமிருந்தது. மேனகா ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைத் தார்ரோட்டில் ஏறி நின்றாள். தை பிறந்தும் பாப்பாரப்பட்டிப் பக்கம் பனி விட்டபாடில்லை. ரோட்டுக்கு ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் ஏரி. தண்ணீர் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தோப்புக்குள் ஏதோ ஒரு பறவை கத்திவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

அவள் இந்த ரோட்டில் ஓடி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, அது விட்டுப்போன அசதிதான் போகவில்லை. தர்மபுரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். நார்மலான உடம்பை வைத்துக்கொண்டு அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. தையல் கடையைப் பூட்டினாள். விடியற்காலையில் ஊரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவள் கட்டிலை விட்டு எழவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஓடின வரைக்கும் ஓடுகிறாளே என்று பேசியவர்கள், அப்புறம் படுத்திருக்கிறாளே என்று பேசினார்கள்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. படுத்திருக்கும்போது கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் யாரோ உட்காருவதுபோல் கயிறு தாழும். கொஞ்ச நேரத்தில் முழங்காலின் மேல் பாரம் ஏறும். நனைந்த சாக்கு வாசனை வரும். கண்ணைத் திறந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், கயிறு மட்டும் தாழ்ந்தே இருக்கும்.

இரண்டு நாளாக அந்தப் பாரம் இல்லை.

முதலில் நடந்தாள். பிறகு மெதுவாக ஓடினாள். கால்கள் அவளைக் கேட்காமலே வேகம் எடுத்தன. மூச்சு வாங்கும், நெஞ்சு அடைக்கும், பாதியில் உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து வந்தவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாய்விட்டே அழுதுகொண்டு ஓடினாள்.

மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

செல்போன் வெளிச்சத்தை ரோட்டில் அடித்தாள். அவள் வைத்துவிட்டுப் போன வாழையிலை காய்ந்து சுருண்டிருந்தது. மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, கரி பிசைந்த சோறு மூன்றும் ஒன்றாக நசுங்கித் தாரோடு ஒட்டியிருந்தன. எலுமிச்சம்பழம் பிதுங்கிக் கிடந்தது. அதன்மேல் அழுத்தமாக ஒரு ஷூ தடம்.

இந்த ஊரில் ஷூ போட்டுக்கொண்டு இருட்டில் ஓடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மேனகா. இன்னொருத்தி காவியா.

மேனகா செல்போன் வெளிச்சத்தை அணைத்தாள்.

கழிப்பு எடுத்தது அவள் மாமியார் ராணியம்மாள். டாக்டர்கள் கைவிரித்த பிறகு வேறு என்னதான் செய்வது? அமாவாசையன்று பொழுது சாய மருமகளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மூன்று நிறச் சோற்றையும் எலுமிச்சம்பழத்தையும் தலையைச் சுற்றி இறக்கினார். அதைக் கொண்டுபோய் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். முச்சந்தி என்றால் முச்சந்திதான். மூன்று ரோடு கூடுகிற இடத்தில் வைத்தால், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், உடம்பை விட்டு இறங்கின அது அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்குமாம். நேர் ரோட்டில் வைத்தால் முதலில் மிதிக்கிறவர் கூடவே போய்விடும். இது அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ரோட்டில் மஞ்சள் சோற்றைக் கண்டால் சைக்கிளைக்கூடத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவார்கள்.

மேனகாவின் கணவன் குரு ஓசூர் கம்பெனியில் இருந்து சனிக்கிழமைதான் வருவான். மாமியாருக்கு முழங்கால் வலி, வாசலைத் தாண்ட மாட்டார். அக்கம்பக்கத்தில் இதற்கெல்லாம் ஆள் கூப்பிட முடியாது. மேனகாவே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மதகு வரை வந்தவளுக்கு அதற்குமேல் ஒரு எட்டு வைக்க முடியவில்லை. முச்சந்தி ஏரிக்கோடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்தாள். விடியற்காலையில் காவியா இந்த வழியாக ஓடுவாள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வரவில்லை என்று பின்னாளில் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். வந்தது, நன்றாகவே வந்தது. வெளிச்சம் வந்தால் பார்த்து விலகிப் போவாள் என்றும் ஒரு எண்ணம் வந்தது. காவியா வெளிச்சம் வருவதற்கு முன்னால் ஓடுகிறவள் என்பதை அந்த எண்ணம் கண்டுகொள்ளவில்லை. இலையைத் தாரின் ஓரத்தில் வைத்துவிட்டு மேனகா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை கால்மாட்டுக் கயிறு தாழவில்லை. அதற்கு மறுநாள்தான் துணிந்து ஷூவை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பினாள்.

காவியா பக்கத்துத் தெருப் பெண். அவள் அப்பா இறந்து நாளாகிவிட்டது. அம்மா சசிகலா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பெண்ணைப் படிக்கவைத்தவள். காவியா போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள், ஓட்டம்தான் பாக்கி. மேனகாவோடு சேர்ந்து ஓடிப் பழகியவள், மேனகா படுத்த பிறகும் தனியாக விடாமல் ஓடிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீக்கிரம் எழுந்து வாங்கக்கா, தனியாக ஓட போர் அடிக்கிறது என்பாள். கூட ஓட மேனகாவுக்குக் கால் வந்தபோது அவளுக்குக் கால் போய்விட்டது.

ஓடிவிட்டு வந்த அன்றைக்கே மேனகா போய்ப் பார்த்தாள். பட்டப்பகலில் காவியா போர்த்திக்கொண்டு கிடந்தாள். உள்ளே நுழைந்ததும் நனைந்த சாக்கு வாசனை அடித்தது. மழை இல்லாத மாதத்தில் அந்த வீட்டில் நனைய ஒன்றும் இல்லை.

“என்னாச்சு காவியா?”

“தெரியலக்கா. கால் ரெண்டும் கனக்குது. யாரோ மேல உக்காந்திருக்காப்பல இருக்குது.”

மேனகாவின் பார்வை கட்டிலின் கால்மாட்டுக்குப் போனது.

கயிறு தாழ்ந்திருந்தது.

ஒல்லியான பெண். அவள் கால் அவ்வளவு தூரம்கூட எட்டவில்லை. ஆனாலும் அந்த ஓரத்தில் கயிறு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. மேனகா எதையோ சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் கேவலம். மறுநாளும் ஓடப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். இன்றைக்கு மட்டும், நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு ஷூவை மாட்டினாள். ஒரு வருஷம் செத்துக் கிடந்த உடம்பு திரும்பக் கிடைத்திருக்கிறது. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடிகிறது. சின்னவன் ஒரு நாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இனிமேல் படுத்துக்க மாட்டியே அம்மா என்று கேட்டான். மாட்டேன் என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது தன் வாயே நாறுவதுபோல் இருந்தது அவளுக்கு.

காவியாவின் ஓட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. சசிகலா ஒரு மாட்டை விற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மேனகாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

மாமியாரிடம் சொன்னாள். ராணியம்மாள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார். பிறகு, திருப்பி எடுக்க ஒரு வழி இருக்கிறது என்றார். அந்தப் பெண்ணின் தலையைச் சுற்றி மறுபடி சோறு இறக்கி, வைத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அது முதலில் யாருடையதோ அவளே வெறுங்காலோடு வந்து மிதித்து, என்னுடையதுதான் வா என்று கூப்பிட வேண்டும்.

“ஆனா நீ போவக் கூடாது,” என்றார். “உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது.”

மேனகா போனாள். சசிகலாவின் மாட்டுக் கொட்டகையில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சசிகலா திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சாணி வாரிய கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவ அங்கதான் ஓடுவான்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியுங்க அக்கா.”

சசிகலா தலையை ஆட்டிக்கொண்டாள். நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துரு என்று சொல்லிவிட்டுத் திரும்பிச் சாணியை வாரினாள்.

மறுநாள் விடியற்காலையில் பனி மூடிக்கொண்டிருந்தது. சசிகலா காவியாவின் தலையைச் சுற்றி இறக்கி முறத்தில் எடுத்து வந்ததை மதகடியில் இலை போட்டு வைத்தாள். வைத்தவள் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். ரோட்டோரம் இருந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மேனகா செருப்பைக் கழற்றினாள்.

தார் ஈரமாகச் சில்லென்றிருந்தது. பத்தடி தூரத்தில் இலை வெளுப்பாகத் தெரிந்தது. அவள் ஒரு எட்டு வைத்தாள்.

ஏரியில் தவளைச் சத்தம் நின்றது.

இன்னொரு எட்டு வைத்தாள். நனைந்த சாக்கு வாசனை வந்தது. முதலில் லேசாக வந்தது, பிறகு மூக்கை அடைத்துக்கொண்டு வந்தது. இலைக்கு அந்தப் பக்கம் பனியில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு இருட்டு தெரிந்தது. புதராக இருக்கலாம். அங்கே புதர் எதுவும் இல்லை என்பது தினமும் ஓடுகிறவளுக்குத் தெரியும்.

அது மூச்சு விட்டது.

நீளமான, அலுத்துப்போன மூச்சு. படுக்கையில் கிடந்த ஒரு வருஷமும் அவள் விட்ட மூச்சுதான் அது. எல்லாவற்றையும் பார்த்துச் சலித்துப்போய், எழுந்திருக்கத் தெம்பில்லாத மூச்சு.

அந்த இருட்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டது.

நடந்து போனால் முடியாது, ஓடிப்போய் மிதித்துவிடலாம் என்று மேனகா நினைத்தாள். இலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள். வாய்க்குள் அந்த வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். என்னோடது, வா. காவியாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள், சசிகலாவின் சாணிக் கையை நினைத்துக்கொண்டாள். இலை காலுக்கு எட்டும் தூரத்தில் வந்தது.

கால்கள் விலகிக்கொண்டன.

அவள் விலகவில்லை என்று சத்தியம்கூடச் செய்வாள். ரோட்டில் பள்ளத்தைக் கண்டால் தாமாகச் சுற்றிப் போகப் பழகிய கால்கள், இலையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஓடின. நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்தப் பார்த்தாளா என்பதும் தெரியவில்லை. ஏரிக்கரையைத் தாண்டிச் சாமந்தித் தோட்டத்து வரப்பில் இறங்கி, முள் குத்தக் குத்த ஓடி, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து கட்டிலில் விழுந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. உடம்பு அவ்வளவு தெம்பாக இருந்தது.

மிதித்துவிட்டாயா என்று மாமியார் கேட்டார். மேனகா முனகினாள். ராணியம்மாள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு முழுக்க மேனகா அசதி வந்தவளாகப் படுத்திருந்தாள். எப்படிப் படுப்பது என்று சொல்லித்தர ஆள் வேண்டுமா என்ன? ஒரு வருஷப் பழக்கம். கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு ஒதுக்கினாள். பசி காதை அடைத்தது. பிள்ளைகள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுந்துபோய்ச் சசிகலாவிடம் இன்னொரு தரம் வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போதெல்லாம் அந்த இருட்டு நகர்ந்து இடம் விட்டது கண்ணில் வந்து நின்றது.

இரண்டாம் நாள் சாயங்காலம் காவியா வந்தாள்.

நடந்து வந்தாள். முகம் இன்னும் வாடித்தான் இருந்தது, ஆனால் கண்ணில் உயிர் இருந்தது. வந்தவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மேனகாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா சொல்லுச்சுக்கா. எனக்காவ நீங்க திருப்பி வாங்கிக்கிட்டீங்கன்னு. இன்னிக்குக் கரை வரைக்கும் ஓடினேன்க்கா.”

மேனகா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மிதிக்காத கழிப்பு எப்படி விட்டுப்போனது என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒப்புக்குக் கேட்டாள்.

“அம்மாவுக்குத்தான் என்னமோ ரெண்டு நாளா முடியலக்கா. மாடு கத்துது, பால் கறக்கவும் எந்திரிக்கல. என்னையப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சாட்டம் இருக்குது.”

காவியா வாசலைத் தாண்டும்வரை படுத்திருந்துவிட்டு மேனகா எழுந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் மத்தியானம், காவியா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சசிகலாவின் வீட்டுக்குப் போனாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டாக இருந்தது. கதவைத் தள்ளியதும் அந்த வாசனை வந்தது. சசிகலா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது. மேனகா சுவரைப் பிடித்துக்கொண்டு, முடியாதவளாகத் தள்ளாடி வந்து நின்றாள்.

“நேரா நில்லு,” என்றாள் சசிகலா. “எங்கிட்ட எதுக்கு நடிக்கற.”

மேனகா நேராக நின்றாள்.

சசிகலா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். புளியமரத்துக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கக் கூடாது என்பதெல்லாம் மற்ற அம்மாக்களுக்கு. மேனகா விலகி ஓடியதும் இவள் போய் இலைமேல் ஏறி நின்றாள். என்னுடையது என்று கூப்பிட்டாள். பொய்தான், ஆனால் அது வந்துவிட்டது.

“அக்கா, இன்னொரு தடவ வைங்க. இந்தத் தடவ நான்…”

“மாட்ட,” என்றாள் சசிகலா. குரலில் கோபம் இல்லை. “எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவ ஓட்டம் முடியற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அது போதும் எனக்கு.”

மேனகா விம்மினாள். தாங்க முடியாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்காரப் போனாள். அப்போதுதான் கவனித்தாள்.

கால்மாட்டில் கயிறு தாழவில்லை. விறைப்பாக நேராக இருந்தது.

“போயிருச்சுங்களா அக்கா?” என்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சசிகலா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராவும் பகலும் உன்னையத்தான் கேக்குது,” என்றாள் ரகசியமாக. “நீ உள்ள வந்ததும் எந்திரிச்சு நின்னுருச்சு.”

மேனகாவின் பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

“திரும்பாத. ஓடு.”

அவள் ஓடினாள். அந்த நல்ல கால்கள் வாசலைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, வெயிலில் வந்து நின்றன. பின்னால் எதுவும் வரவில்லை.

வீட்டுக்குள் சசிகலாவின் குரல் கேட்டது. மிரண்ட கன்றுக்குட்டியை அழைக்கிற குரலில் அவள் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“போவாத சாமி. அவ புள்ளைக்காரி. இங்கயே வா. வந்து எங்கிட்டயே உக்காரு.”

சற்று நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு கட்டில் கயிறு மெதுவாக நெரிந்து தாழ்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.